சுவருக்கு அந்தாண்ட

தேரடித் தெருவில் பூமிக்கடியில் கேபிள் போட்டு முடித்துவிட்டார்கள் என்று செக்‌ஷன் பிள்ளைகள் போன் செய்து சொன்னார்கள். இனிமேல் சித்திரைத் தேருக்கு ஒயர் கழற்றி மாட்டும் வேலை கிடையாதாம். அதோடு ஆயுத பூஜைக்கு மலர் ஒன்று போடுகிறார்களாம், அதற்கு என் பழைய அனுபவம் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். ஷாக் அடித்த கதையாகப் பார்த்து எழுதச் சொன்னான் ஒருவன். கரண்டாபீசில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் கல்யாண வீட்டில்கூட அந்தக் கதையைத்தான் கேட்கிறார்கள். என்னவோ காலம் முழுக்கக் கம்பிக்கும் எனக்கும் சண்டையே நடந்துகொண்டிருந்தது போல.

எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. சந்துக்குள் இருந்த கம்பம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதையும் புடுங்கியாச்சுண்ணே" என்றான், நல்ல சேதி சொல்கிறவன் குரலில். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு இரும்புக் கம்பத்துக்காக எண்பதைத் தாண்டியவர் கலங்குவாரா என்று மருமகள் சிரித்தாள். கலங்குவார். ஏன் என்று எழுதுகிறேன். ஷாக் அடித்த கதையும் இதில் இருக்கிறது, ஆனால் அடித்தது எனக்கு இல்லை.

நான் பிள்ளைப்பாக்கத்துக்காரன். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. கிணற்றுக்கு மோட்டார் கனெக்‌ஷன் கேட்டு அப்பா ஸ்ரீபெரும்புதூர் கரண்டாபீசுக்கு நடையாய் நடந்தார். கனெக்‌ஷன் வருவதற்கு முன்னால் எனக்கு அங்கே வேலை வந்துவிட்டது. அறுபதுகளின் தொடக்கம் அது. ஹெல்பராகச் சேர்ந்து குழி தோண்டினேன், கம்பம் சுமந்தேன், ஏணி பிடித்தேன், டீ வாங்கி வந்தேன். ஒயர்மேன் ஆனதும் தேரடித் தெருவும் அதைச் சுற்றியிருந்த தெருக்களும் என் பொறுப்பில் வந்தன. அவற்றை விட்டுப் போக மனமில்லாமல் ஒருமுறை வந்த புரமோஷனையே தள்ளிப்போட்டேன். அதற்காக வீட்டில் வாங்கிய பேச்சு தனி.

அந்தத் தெருவைக் கண்ணை மூடிக்கொண்டாலும் என்னால் கடக்க முடியும். இப்போது கண்ணைத் திறந்துகொண்டு போனால்தான் தடுமாறுகிறது. தேர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கினால் முதலில் பாத்திரக் கடை. வாசலில் தொங்கும் குடங்களில் ஏணி இடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அடுத்தது காபிக்கொட்டை அரைக்கும் கடை. காலையில் அந்த மோட்டார் ஓடத் தொடங்கினால் எதிர் வரிசை வீடுகளில் பல்பு ஒரு தரம் மங்கி எழும். வீட்டுப் பெண்கள் கடிகாரம் பார்க்காமல், பல்பைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எழுப்புவார்கள். அதற்கடுத்துத் தையல்காரர். மூலையில் பாஷா பாயின் சைக்கிள் கடை. அவர் பெட்ரோமாக்ஸ் விளக்கும் வாடகைக்கு விடுவார். கரண்ட் போனால் ஊரே எங்களைத் திட்டும், அவர் ஒருவர்தான் கூப்பிட்டு டீ வாங்கித் தருவார். "ஏகாம்பரம், நீ கைய வெச்சாத்தான் எனுக்கு யாவாரம்" என்பார்.

தெருவின் ஒரு பக்கம்தான் கம்பங்கள் உண்டு. எதிர்ப்பக்கத்து வீடுகளுக்கு ஒயர் தெருவைத் தாண்டிப் போக வேண்டும். தேர் வரும் நாளில் அத்தனை ஒயரையும் இறக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் கலசம் மாட்டிக்கொள்ளும். இதைச் செய்விக்கும் போர்மேன் தேவராஜன். வேலூர்ப் பக்கத்துக்காரர். நெடுநெடுவென்று இருப்பார். சட்டைப் பொத்தான் கழுத்து வரைக்கும் போட்டிருப்பார், சித்திரை வெயிலிலும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. மெதுவாகப் பேசுவார், அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கும். அதில் எனக்கு ஆரம்பத்தில் எரிச்சல்தான்.

விடிந்ததும் டிரான்ஸ்பார்மரில், தெருவுக்கு கரண்ட் போகும் வழியை மறித்து, பீஸ் கட்டைகளைப் பிடுங்குவார். பிடுங்கியதை ஆபீசில் வைக்கமாட்டார். துண்டில் சுற்றித் தன் இடுப்பிலேயே கட்டிக்கொள்வார். அவர் அவிழ்த்துக் கொடுக்காமல் அந்தத் தெருவுக்கு யாரும் கரண்ட் விட முடியாது. அடுத்து, கம்பிகளின் மேல் சங்கிலி போட்டுத் தரையோடு சேர்ப்போம், மிச்சம் மீதி இருந்தால் பூமிக்குள் போய்விடட்டும் என்று. அதற்கப்புறமும் அவர் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் விரல் மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், புறங்கையென்றால் கை உதறிக்கொண்டு வெளியே வரும். பீஸ் இடுப்பில், சங்கிலி கம்பியில், அப்புறமும் இவருக்கு என்ன பயம் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவோம்.

நான் கம்பத்தின் மேல் ஒயரை அவிழ்ப்பேன். அவர் எதிர் வீட்டுச் சுவரில் ஏணி சாத்தி ஏறி, அதை வாங்கிச் சுருட்டி, ஓட்டு விளிம்புக்குக் கீழே கொக்கியில் மாட்டுவார். அதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "அம்மா, கரண்ட எடுத்துக்கறேன்" என்று கேட்டுக்கொள்வார். ஏதோ அவர்கள் வீட்டு அண்டாவை இரவல் வாங்குகிறவர் மாதிரி இருக்கும். தேர் தெருவைக் கடந்ததும் எல்லாவற்றையும் மாட்டி, கடைசியாக பீஸ் போடுவோம். அதோடு நாங்கள் டீக்கடைக்குப் போய்விடுவோம். அவர் மட்டும் தெரு நெடுகிலும் நடந்து, "வந்துடுச்சா?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்பார். "வந்துடுச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அதைக் கேட்காமல் அடுத்த வாசலுக்குப் போகமாட்டார். இன்றைக்கு நான் கேட்க ஏங்குகிற குரல்கள் எத்தனையோ, அதில் அந்த "வந்துடுச்சு" முதலில் நிற்கிறது.

எதிர் வரிசையில் ஒரு வீடு மடப்பள்ளி வரதனுடையது. கோயில் சமையல் அவர் குடும்பத்துக்குப் பரம்பரை உரிமை. அவர் மனைவி ருக்மணி அம்மாள். அந்த வீட்டுக் கொல்லையும் பின்தெருவான குளக்கரைத் தெருவில் கன்னியம்மா வீட்டுக் கொல்லையும் ஒரே சுவரில் முட்டிக்கொள்ளும். கன்னியம்மா உழவர் வீட்டுப் பெண். புருஷன் இல்லை. மகன் முருகேசன் அம்பத்தூரில் ஒரு பாக்டரியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தெருவையும் சேர்க்கிற ஒரு சந்து உண்டு. அந்தக் கொல்லைச் சுவர் வந்து சந்தைத் தொடும் இடத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு தெருவிளக்கு. பல்பு மாற்ற ஏறினால் இரண்டு கொல்லையும் தெரியும். வேறு எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றுதான் தெரியும்.

அப்போது அந்தச் சுவர் மார்பளவுதான். அதன் மேல் நாள் முழுக்க ஏதாவது போய்க்கொண்டிருக்கும். இந்தப் பக்கத்திலிருந்து மோர், அந்தப் பக்கத்திலிருந்து முருங்கைக் கீரை. வடாம், வேர்க்கடலை, பழைய சேலை, காய்ச்சலுக்குக் கஷாயம். ருக்மணி அம்மாளின் பெண் லலிதா கைக்குழந்தையாக இருந்தபோது, சுவருக்கு மேலாகவே கன்னியம்மா கைக்கு மாறி, அங்கே தூங்கி, மறுபடி சுவருக்கு மேலாகவே வீடு திரும்புவாளாம். ஆனால் வாசல் வழியாக இவர் அவர் வீட்டுக்கோ, அவர் இவர் வீட்டுக்கோ போய் நான் பார்த்ததில்லை. காபிக் கடையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், பேசிக்கொள்ளமாட்டார்கள். கடைக்காரரிடம் கன்னியம்மா, "ஐயரூட்டம்மாவுக்கு மொதல்ல குடு" என்பார், யாரோ ஒரு பெரிய வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வது போல. எந்தத் தெரு, எந்தச் சாதி, யார் வாசலை யார் மிதிக்கலாம் என்பதெல்லாம் அன்றைக்கு ஊருக்கு மனப்பாடம். அந்தச் சுவர் மட்டும் எப்படியோ அந்தக் கணக்கில் வராமல் தப்பித்திருந்தது.

எழுபதுகளில் ஒரு சித்திரையில் தேர் நடுத்தெருவில் நின்றுவிட்டது. சக்கரத்தின் இரும்புப் பட்டை கழன்றுவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து ஆசாரி வந்து பார்த்துவிட்டு, மறுநாள்தான் நகரும் என்றார். கம்பிக்குக் கீழே அத்தனை உயரத் தேரை வைத்துக்கொண்டு கரண்ட் விட முடியாது. அன்று பகலும் இரவும் தெரு இருட்டில் கிடந்தது. பாஷா பாய்க்கு விளக்குப் பற்றாமல் போனது. அந்த வருஷ வெயிலில் சுவரைத் தொட்டாலே சுட்டது.

லலிதா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உடம்பெல்லாம் வேர்க்குரு, ஓயாத அழுகை. வீட்டில் ஒரு மேஜை மின்விசிறி உண்டு, கரண்ட்தான் இல்லை. குளக்கரைத் தெருவுக்கு வேறு டிரான்ஸ்பார்மர், அங்கே விளக்கெல்லாம் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. மோரும் கீரையும் போன அதே வழியில் கரண்டும் போனது. முருகேசன் பாக்டரியில் பார்த்ததை வைத்து ஒரு நீள ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டினான். ஒரு முனையைத் தன் வீட்டில் செருகினான். மறு முனையைச் சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போவதற்கு விட்டிருந்த ஓட்டை வழியாகத் தள்ளி, அந்த வீட்டில் செருகச் சொன்னான். அந்த வீடு முழுக்கக் கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது, குழந்தை தூங்கியது.

வந்த கரண்ட் வீட்டோடு நிற்காது, மீட்டரைத் தாண்டி வெளியே கொக்கியில் சுருட்டி மாட்டியிருந்த ஒயரின் நுனி வரைக்கும் வந்து நிற்கும் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. மெயின் சுவிட்சை அணைத்திருந்தால்கூடப் போதும். தொழிலில் இருந்த எங்களுக்கே தோன்றாதபோது அவர்களை என்ன சொல்வது. கரண்ட் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரும் என்று அதுவரை எந்த விதியும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் தேர் நகர்ந்து தெருவைக் கடந்தது. நாங்கள் ஒயர் மாட்டத் தொடங்கினோம். பீஸ் கட்டைகள் அவர் இடுப்பில், சங்கிலி கம்பியில். வரதன் வீட்டு வாசலில் போர்மேன் நின்று, கரண்ட் கொடுக்கப் போவதாக வழக்கம்போலச் சொன்னார். ருக்மணி அம்மாள் கேட்டுவிட்டு உள்ளே போனார். அந்தப் பக்கமிருந்து ஒன்று வருகிறது, இந்தப் பக்கமிருந்து ஒன்று வரப்போகிறது, வரட்டுமே என்றுதான் நினைத்ததாகப் பின்னால் சொன்னார். நான் எதிர்க் கம்பத்தின் மேல் இருந்தேன். போர்மேன் ஏணியில் ஏறினார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். புறங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

கை உதறியது. ஏணி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வாசல் கல்படியின் மேல் இடுப்பு அடிபட விழுந்தார். நான் எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. கீழே வந்ததும் அவர் என்னிடம் சொன்னது, "என்னப் பாக்காத. உள்ள போ, எங்கருந்து வருதுன்னு பாரு" என்பதுதான். வீட்டுக்குள் ஓடினேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் எதிரில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கொல்லையில் சுவரின் ஓட்டையிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் துளசி மாடத்தைச் சுற்றி வீட்டுக்குள் போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கன்னியம்மா நின்று, என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கச் சொல்லிக் கத்தினேன். நான் கத்தியதில் குழந்தை எழுந்துவிட்டது.

அவர் உள்ளங்கையால் தொட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நாங்கள் கேலி பேசிய அந்தப் பழக்கம்தான் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இனி கம்பம் ஏற முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பஜாரில் ஏதோ சத்தம் குறைந்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால், தெரு நடுவில் ருக்மணி அம்மாளும் கன்னியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். ஒருவர் மடிசாரில், ஒருவர் கொசுவத்தைத் தூக்கிச் செருகிய சேலையில். ஊர் அறிய அவர்கள் சேர்ந்து நடந்தது அதுதான் முதல் தடவை. பாஷா பாய் டியூபுக்குக் காற்றடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். காபிக் கடைக்காரர் மோட்டாரை அணைத்துவிட்டார்.

எங்கள் இன்ஜினியர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர், நியாயஸ்தர். அவர் மேஜைக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள்.

"பச்சக் கொழந்தை துடிச்சிண்டிருந்தது. நான்தான் கேட்டேன். நான் கேக்காம அவ குடுக்கலை. எது எழுதறதானாலும் என் பேர்ல எழுதிக்கோங்கோ" என்றார் ருக்மணி அம்மாள்.

"அவங்க கேக்கவேயில்ல சார்" என்றார் கன்னியம்மா. "கொழந்த அழுவுற சத்தம் எனுக்குத்தான் தாங்கல. தண்ணி இல்லாத வூட்டுக்கு ரெண்டு கொடம் ஊத்தறதில்லயா, அந்த மாரி நெனச்சிகினு குட்த்துட்டேன். எம் புள்ளைக்கு இன்னா தெரியும், நான் சொன்னேன், செஞ்சான்."

மகன் வேலை போய்விடும் என்று கன்னியம்மாவுக்குப் பயம். அதை மறைக்கச் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தார். ருக்மணி அம்மாள் எங்கள் எல்லோர் முன்னாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதற்கோ எனக்கு அழுகை வந்தது.

இன்ஜினியர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு வீட்டு இணைப்பையும் துண்டிக்கத்தான் விதி இருந்தது. போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பது போர்மேன் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது என்றார். துண்டிக்கிற வேலை எனக்கு வந்தது. வாசலில் நின்று, போர்மேன் மாதிரியே, "அம்மா, கரண்ட எடுத்துக்கறேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது போர்மேன் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். இரண்டு பெண்களும் நடந்து வந்ததைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்புறம், "கொழந்த வூட்டுக்கு கரண்ட் குட்த்தியா?" என்றார். துண்டித்துவிட்டோம் என்றேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

"எனக்கு அடிச்சதுக்கு அந்தக் கொழந்த ஏன்யா வேர்க்கணும்?" என்றார், அதே மெதுவான குரலில். "அவங்க வேணும்னு செய்யல. நான் சொன்னேன்னு போய்ச் சொல்லு. மொதல்ல கரண்ட குடு."

கேஸ் எதுவும் ஆகவில்லை. எச்சரிக்கையோடு இரண்டு வீட்டுக்கும் இணைப்பு திரும்பியது. முருகேசன் வேலையும் தப்பியது. அடுத்த வருஷத்திலிருந்து தேருக்கு முன்னால் வீடு வீடாகப் போய் அவரவர் பீஸ் கட்டையையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது வழக்கமானது. ருக்மணி அம்மாள் யாரும் கேட்பதற்கு முன்னால் வாசலில் அதை ஏந்திக்கொண்டு நிற்பார்.

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் வரதன் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கொல்லைச் சுவரை உயர்த்திவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஒயர் போனதைக்கூட அவர் மன்னித்திருப்பார். தன் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீசில் நின்றதைத் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே செங்கல் வைத்து, அடியிலிருந்த தண்ணீர் ஓட்டையையும் சிமெண்ட் வைத்து அடைத்தார். சத்தம் போட்டுப் பேசினால் இரண்டு பக்கமும் வீட்டு ஆட்கள் காதில் விழும். அதனால் அவர்கள் பேசவும் இல்லை. காபிக் கடைக்கும் அதன் பிறகு ருக்மணி அம்மாளை வரதன் அனுப்புவதில்லை.

போர்மேன் ஒரு வருஷம் கழித்து ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். ஆபீசில் உட்கார்ந்து புகார் கேட்கும் வேலை கொடுத்தார்கள். ஒருநாள் கன்னியம்மா வந்து, சந்து விளக்கு எரியவில்லை என்று சொன்னார். போர்மேன் என்னைப் பார்த்து, போய்ப் பார் என்றார். முந்தின நாள் மாலை நான் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போனேன், விளக்கு நன்றாக எரிந்தது. இருந்தாலும் ஏணியை எடுத்துக்கொண்டு போனேன். மேலே ஏறி பல்பைத் தொட்டுப் பார்த்தேன். சந்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா குரலைத் தாழ்த்தி, "அந்தாண்ட இன்னா பண்றா?" என்று கேட்டார்.

கடையில் 'ஐயரூட்டம்மா', ஆபீசில் 'அவங்க'. இப்போதுதான் 'அவ' என்று கேட்டேன். எட்டிப் பார்த்தேன். ருக்மணி அம்மாள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அதைச் சொன்னேன். "ஒடம்பு எளச்சிருக்காளா?" என்றார். இல்லை, அப்படியேதான் இருக்கிறார் என்றேன். "சரி, எறங்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் ருக்மணி அம்மாள் வீட்டிலிருந்து ஆள் வந்தது, சந்து விளக்கு எரியவில்லை என்று. நான் ஏறினேன். கொல்லையில் துணி உலர்த்துகிற சாக்கில் வந்து நின்று, அவர் கண்ணாலேயே அந்தப் பக்கத்தைக் காட்டினார். கன்னியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவரும் அதே சுவருக்குப் பக்கத்தில்தான். நான் தலையை ஆட்டினேன், நல்லா இருக்காங்க என்கிற மாதிரி. ருக்மணி அம்மாள் ஈரப் புடவையை உதறி முகத்தை மறைத்துக்கொண்டார்.

இப்படியே வருஷங்கள் போயின. எங்கள் செக்‌ஷனில் அத்தனை தெருவிளக்கிலும் அதிகப் புகார் வாங்கிய விளக்கு அதுதான், ஒரு நாளும் அணையாத விளக்கும் அதுதான். சக ஊழியர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். போர்மேன் சிரிக்கமாட்டார். "எரியலயாம், போய்ப் பாரு" என்பார், முகத்தை அதே மாதிரி வைத்துக்கொண்டு. நான் திரும்பி வந்ததும், "ரெண்டு பேருக்கும் வந்துடுச்சா?" என்று கேட்பார். "வந்துடுச்சுய்யா" என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார். அந்த நொறுங்கிய இடுப்போடு அந்த மனுஷனால் எப்படி அப்படிக் கேட்க முடிந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைகிறது, கூடவே அவர் இல்லையே என்று வலிக்கவும் செய்கிறது. ஓய்வு பெற்று வேலூருக்குப் போன கொஞ்ச காலத்தில் இறந்துபோனார்.

எண்பதுகளில் வரதன் குடும்பம் மெட்ராசுக்குப் போய்விட்டது. பிள்ளைக்கு அங்கே வேலை. சாமான் லாரி தேரடித் தெருக் கூட்டத்தில் நுழைய முடியாமல் குளக்கரைத் தெரு வழியாகத்தான் போனது. ஊர் முழுக்கப் பார்த்தது. கன்னியம்மாவும் தன் வாசலில் நின்று பார்த்தார். லாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ருக்மணி அம்மாள் அந்த வாசலைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டி, வண்டி திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே போனார் என்று பாஷா பாய் சொன்னார்.

இப்போது அந்த வீட்டை இடித்து செல்போன் கடை வந்திருக்கிறது. கன்னியம்மா வீட்டில் ஒரகடம் பாக்டரிகளுக்குப் போகும் வடக்கத்திப் பையன்கள் அறைக்கு இத்தனை பேர் என்று தங்கியிருக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலெல்லாம் தூங்குகிறார்கள். சுவருக்கு அந்தாண்ட யார் என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தச் சந்தில் நிற்க முடியவில்லை.

லாரி போன அடுத்த மாதம் கன்னியம்மா ஆபீசுக்கு வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது, மூச்சு வாங்கியது. போர்மேனின் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். சந்து விளக்கு எரியவில்லை என்றார் கன்னியம்மா. நான் எதுவும் கேட்காமல் ஏணியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். நல்ல உச்சி வெயில். மேலே ஏறினேன். அந்தக் கொல்லையில் துவைக்கிற கல் காய்ந்து கிடந்தது, துளசி கருகிவிட்டிருந்தது. சுவரடியில் வழக்கமாக உட்காருகிற இடத்தில் மட்டும் பூச்சு வழவழவென்று தேய்ந்திருந்தது. பல்பைத் தொட்டேன். கீழே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அந்தாண்ட இன்னா பண்றா?" என்று கேட்டார்.

"இப்பத்தான் உள்ள போனாங்கக்கா" என்றேன்.

"செரி, எறங்குப்பா. வெயில்ல நிக்காத" என்றார்.

அதற்கப்புறம் அந்த விளக்கு எரியவில்லை என்று யாரும் வந்து சொல்லவில்லை.